முழு வாக்கியம்

முட்டை வந்த அட்டைப்பெட்டி.
அதற்குள்தான் எங்கள் பாடமெல்லாம்:
அறுந்த வலையிலிருந்து கழற்றிய மிதவை,
காது போன கப்பு,
புளியங்கொட்டை போட்ட பவுடர் டப்பா,
சாவி தொலைந்த பூட்டு,
பூட்டு தொலைந்த சாவி.
இரண்டும் ஜோடி இல்லை என்பதை
கனிஷ்கா இன்னும் நம்பவில்லை.
தினம் ஒருமுறை திருகிப் பார்த்து
"நாளைக்கித் தொறந்துக்கும் டீச்சர்" என்பாள்.

துறை கொடுத்த பட அட்டைகளும் உண்டு.
‘மீ’ அட்டையில்
ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் சிரிக்கிறது.
இது என்ன என்று கேட்டேன் முதல் நாள்,
போயும் போயும் சோனாங்குப்பத்தில்.
பதினேழு பிள்ளைகளும் நெருங்கி வந்து பார்த்தார்கள்.
சங்கரா என்றது ஒன்று.
சங்கராவுக்கு வாய் இப்படியா இருக்கும் என்றது இன்னொன்று.
செத்தது சிரிக்காது என்றான் தர்ஷித்.
அட்டையைத் திருப்பி
விலை தேடினாள் ஒருத்தி.
மீன் என்று யாருமே சொல்லவில்லை.
நான் சொன்னதும்
மரியாதைக்கு ஒருமுறை திருப்பிச் சொன்னார்கள்.

நான் பண்ருட்டிக்காரி.
பலாச்சுளையில் எத்தனை ரகம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.
அன்று மாலையே முட்டைப் பெட்டியைக் காலி செய்தேன்.

கப்பின் காது போன கதை
தினம் ஒன்று.
திங்கட்கிழமை பூனை கடித்தது.
புதன்கிழமை, சொன்ன பேச்சு கேட்காததால்
காதே கோபித்துக்கொண்டு கடலுக்குப் போனது.
வியாழக்கிழமை கதையில்
அப்பா சுவரில் வீசினார்.
அதற்கு மட்டும் யாரும்
"அப்புறம்?" கேட்கவில்லை.

பாட்டு நானே கட்டியது. மெட்டு சுமார்தான்.
டப்பா டப்பா, என்ன உள்ள?
அரிசி இல்ல. பருப்பு இல்ல.
மூன்றாவதை அவரவர் போட வேண்டும்.
யானை இல்ல. பஸ்ஸு இல்ல.
எங்க தம்பி இல்ல.
இல்லாததற்குத்தான் எத்தனை பெயர்
இந்தப் பிள்ளைகளிடம்.

அபினேஷ் மட்டும் டப்பாவைக் குலுக்கிவிட்டு
அடுத்தவனிடம் தருவான்.
வேண்டுமென்றால் விரல். வேண்டாமென்றால் முதுகு.
பதிவேட்டின் எட்டாவது கட்டம் கேட்கிறது:
‘நான்கு சொல் கொண்ட வாக்கியம் பேசுகிறாரா?’
மூன்றரை வயதுக்கு இத்தனை மரியாதை.
ஆறு மாதம் ‘இல்லை’ என்றே எழுதினேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும்.
மிதவையை உருட்டிக்கொண்டிருந்தவன்
தலை தூக்காமல் சொன்னான்:
"எங்க வூட்ல நெறய கவல."

கரண்டியைக் கீழே வைத்தேன்.
எவ்வளவுடா, என்றேன். வேறென்ன கேட்பது?
"ரெண்டு கூட."
அம்மா என்ன செய்றாங்க?
"வெயில்ல காய வைக்கிது."

சமையல்கட்டில் தேசம்மாள்
சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.
"கவலைன்னா மீனு டீச்சர்!
இத்தினியூண்டு இருக்கும். முள்ளுதான் ஜாஸ்தி."
அது தெரியும், முள் ஜாஸ்தி என்பது,
என்று நான் சொல்லவில்லை.
விரல்விட்டு எண்ணினேன்.
எங்க, வூட்ல, நெறய, கவல.
சரியாக நான்கு.
‘ஆம்’ என்று எழுதும்போது
பேனா எழுதாமல் போய், இரண்டாம் முறை அழுத்தினேன்.

சித்திரை வந்தது. தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் உப்பனாற்றில்
ஒன்றையொன்று உரசி நின்றன.
பிள்ளைகளைக் கூட்டிவிட அப்பாக்கள் வந்தார்கள்;
வாசலில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

டப்பா சுற்றி வந்தது.
அரிசி இல்ல. பருப்பு இல்ல.
அபினேஷ் மூடியைத் திறந்து
ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தான்.
"கவல இல்ல."
பிறகு என்னைப் பார்த்து, பாட்டை விட்டு வெளியே வந்து,
"எங்க வூட்ல இப்ப கவலயே இல்ல டீச்சர்."

தேசம்மாள் இந்த முறை சிரிக்கவில்லை.
அவன் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் விழுந்தது.
எண்ணிக்கை ஆறு.
எட்டாவது கட்டம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

கனிஷ்கா பூட்டைத் திருகிக்கொண்டிருந்தாள்.
அபினேஷ் முட்டையை முழுசாக வாயில் அடக்கி,
மென்று, விழுங்கி,
தண்ணீர் குடித்து,
நிதானமாகக் கேட்டான்:
"இன்னொரு முட்ட இருக்கா டீச்சர்?"

அது கேள்வி.
கேள்விக்கு அந்தப் பதிவேட்டில்
கட்டமே போடவில்லை.